தாழிக்குள் ஒரு கடிகாரம்



திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் போனால் ஆதிச்சநல்லூர் வரும். தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஊர். ஆற்றை ஒட்டி நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் பச்சைப்பசேலென்று இருக்கும். அவற்றுக்குப் பக்கத்திலேயே, புல்லும் சரியாக முளைக்காத ஒரு நீண்ட மேடு கிடக்கிறது. ஊர்மக்கள் அதைப் ‘பரம்பு’ என்பார்கள். அதன் பரப்பு 114 ஏக்கர். 1986-க்கு முன்பு அது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்புப் படித்த காலம். ஆச்சியோடு திருச்செந்தூர் போய்த் திரும்பும்போது நாங்கள் வந்த பேருந்து அந்த இடத்தில் பழுதாகி நின்றுவிட்டது. பெரியவர்கள் மர நிழல் தேடிப் போனார்கள். நான் பரம்பின் மேல் ஏறினேன். காலடியெல்லாம் பானை ஓடுகள். உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாக ஒன்று கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

“அத கீழ போடுல! அது செத்தவங்க பானை” என்றார் ஆச்சி.

போட்டுவிட்டதாகப் பாசாங்கு செய்து, சட்டைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை ஆச்சி ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் மனிதர்கள் எளிதில் சாகமாட்டார்களாம். வயதாக ஆகச் சுருங்கிக் குழந்தை அளவு ஆகிவிடுவார்களாம். அப்போது அவர்களைப் பெரிய தாழியில் உட்காரவைத்து, சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். அதனால்தான் அதற்கு முதுமக்கள் தாழி என்று பெயராம்.

அந்த ஓடு இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இப்போது நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஒரு பானை ஓட்டின் வயதைக் கண்டுபிடிக்கும் முறைகளை வகுப்பில் விளக்குகிறேன். ஆனால் என்னிடமுள்ள இந்த ஓட்டின் வயதை உறுதியாகச் சொல்ல எந்த ஆய்வுக்கூடத்தாலும் முடியாது. ஏன் முடியாது? அதைப் புரிந்துகொண்டால், பொருநைக் கரையில் வாழ்ந்த பழைய மக்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எப்படித் தெரிந்தன என்பதும் புரிந்துவிடும்.

பரம்பைத் தோண்டியவர்கள்

ஆதிச்சநல்லூரில் முதன்முதலில் அகழ்ந்து பொருள்களை எடுத்தவர் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த டாக்டர் ஜாகோர். ஆண்டு 1876. அவர் எடுத்த பொருள்கள் பெர்லின் அருங்காட்சியகத்திற்குப் போயின. 1903-04-ல் பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக் எடுத்தவை பாரிஸ் நகருக்குப் போயின. இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரையிலான காலத்தில் பல பருவங்களில் அகழ்ந்தார். அவர் எடுத்த ஆயிரக்கணக்கான பொருள்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

என்னென்ன கிடைத்தன? பாறை நிலத்தில் குழி வெட்டி இறக்கிய பெரிய தாழிகள்; அவற்றுள் மனித எலும்புகள்; சிறு மண்கலங்கள்; இரும்பு வாள், ஈட்டி, கத்தி, மண்வெட்டி; எருமை, ஆடு, மான், சேவல் உருவங்கள் அமைந்த வெண்கல மூடிகள்; மெல்லிய தகட்டில் செய்த தங்க நெற்றிப் பட்டங்கள். நெல் உமியும் தினை வகை உமியும்கூடக் கிடைத்தன. இரும்புக் கருவிகளின் முனைகள் எப்போதும் கீழ்நோக்கி இருந்தன என்று ரீ குறித்து வைத்தார். துக்கத்திற்கு வந்தவர்கள் அவற்றைச் சுற்றியிருந்த மண்ணில் குத்தி வைத்திருக்கலாம் என்பது அவர் கருத்து. கருவியை மட்டும் எடுத்துப் பெட்டியில் போட்டிருந்தால் இந்தச் செய்தி நமக்குக் கிடைத்திருக்காது. பொருள் எப்படிக் கிடந்தது என்பதும் ஒரு சான்று என்பதைக் கவனியுங்கள்.

இனி ஆச்சியின் கதையை இந்தச் சான்றுகளோடு ஒப்பிடுவோம். பல தாழிகளில் முழு எலும்புக்கூடு இல்லை. மண்டை ஓடும் சில எலும்புகளும் மட்டுமே பொறுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அதாவது, இறந்தவரின் உடலை முதலில் வேறிடத்தில் விட்டு, தசை அழிந்த பிறகு எலும்புகளைச் சேகரித்துத் தாழியில் இட்டிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் முதியவரை அப்படி வைக்க முடியாதல்லவா? ஆகவே கதை உண்மையல்ல. ஆனால் கதையில் ஓர் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாழிக்குள் உணவு வைத்த வழக்கம் உண்மைதான். உமி அதற்குச் சாட்சி.

ரீயின் காலத்தில் விடை கிடைக்காத கேள்வி ஒன்று இருந்தது. இவையெல்லாம் எப்போது? தாழிகளில் ஆண்டு எழுதியிருக்கவில்லை. வயதைச் சொல்லும் கடிகாரம் அன்று எவரிடமும் இல்லை.

கல்லிலிருந்து இரும்புக்கு

கடிகாரத்திற்குப் போவதற்கு முன், மனித வாழ்க்கை நம் பகுதியில் எந்தப் படிகளில் ஏறி வந்தது என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் மனித இனத்தின் சுவடு மிகப் பழையது. 1863-ல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தார். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2011-ல் வெளியான ஆய்வு கூறியது. அவற்றைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள் அல்லர். நமக்கு முந்திய மனித இனத்தவர்.

தாமிரபரணிக்குத் தெற்கே சாத்தான்குளம், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கம் போனவர்கள் செக்கச்செவேலென்ற மணல் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைத் ‘தேரி’ என்கிறோம். இந்தத் தேரிகளில் விரல் நுனி அளவே உள்ள நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. ஸாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் ஆகிய இருவரும் 1956-ல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். சிறு கற்சில்லுகளை மரத்தண்டில் பதித்து அம்பாகவும் அரிவாளாகவும் பயன்படுத்திய வேட்டைக்காரர்களும் மீனவர்களும் வாழ்ந்த இடம் அது.

அடுத்த படி வேளாண்மை. உலகில் முதலில் மேற்காசியாவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் கோதுமையும் பார்லியும் பயிராயின. பயிர் செய்பவன் ஓரிடத்தில் தங்க வேண்டும். விளைந்ததைச் சேர்த்துவைக்கக் கலம் வேண்டும். மிஞ்சிய தானியம் இருந்தால் குயவரும் கொல்லரும் தச்சரும் வயலில் இறங்காமலேயே உண்ண முடியும். தொழில் பிரிகிறது, ஊர் வளர்கிறது, பண்டமாற்று தொடங்குகிறது. யூப்ரட்டீஸ், நைல், சிந்து ஆகிய ஆற்றங்கரைகளில் நகரங்கள் எழுந்தது இப்படித்தான்.

பொருநையும் அத்தகைய ஆறுதான். பொதிகை மலையில் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதற்கு நீர் தருகின்றன. ஆற்றின் இருபுறமும் நெல் விளைந்தது. மலைப்பொருள்கள் கிழக்கே வந்தன. முகத்துவாரத்தில் முத்து எடுத்தார்கள்.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். வெள்ளீயத் தாது இந்தப் பள்ளத்தாக்கில் கிடைப்பதில்லை. ஆனாலும் ஆதிச்சநல்லூரில் வெண்கலக் கலங்கள் ஏராளம். அப்படியானால் வெள்ளீயம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். ஒரு மூடியின் கைப்பிடியில் நிற்கும் வெண்கல மான், தொலைதூர வணிகத்திற்குச் சான்றாகிவிடுகிறது!

அரிசி உமி சொன்ன ஆண்டு

இனி முதல் கடிகாரம். இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க அறிஞர் வில்லார்டு லிபி. 1949-ல் தம் முறையைச் சோதித்துக் காட்டினார். 1960-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதும்போது நியூட்ரான்கள் உண்டாகின்றன. ஒரு நியூட்ரான் நைட்ரஜன்-14 அணுக்கருவில் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால், அந்த அணு கார்பன்-14 ஆக மாறுகிறது. இது சாதாரணக் கார்பனின் கதிரியக்க ஐசோடோப்பு. இது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. அதை நெற்பயிர் உட்கொள்கிறது. நெல்லை நாம் உண்கிறோம். ஆகவே, உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன்-14 சிறிது உண்டு. அளவு மிகச் சொற்பம்: ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று!

பயிரை அறுத்ததும் உட்கொள்வது நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் கார்பன்-14 மட்டும் பீட்டாத் துகளை உமிழ்ந்து மறுபடி நைட்ரஜனாகிக்கொண்டே போகிறது. 5730 ஆண்டுகளில் பாதி போய்விடும். இதுவே அரை ஆயுள். மேலும் 5730 ஆண்டுகள் கழிந்தால் மிச்சம் கால் பங்கு. அதற்கடுத்து அரைக்கால் பங்கு. உழக்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து எத்தனை நாள் சமையல் ஆயிற்று என்று சொல்வதைப் போன்றது இது.

தொடக்கத்தில் கார்பன்-14 சிதைவதை எண்ணித்தான் கணக்கிட்டார்கள். உயிருள்ள பொருளின் ஒரு கிராம் கார்பனில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 14 அணுக்கள் சிதையும். இப்படி எண்ண வேண்டுமானால் பல கிராம் கரி வேண்டும். இப்போதோ துகள் முடுக்கியோடு இணைந்த நிறைமாலைமானியால் கார்பன்-14 அணுக்களை நேராகவே எண்ணுகிறார்கள். சில மில்லிகிராம் போதும். ஒரு நெல் உமிக்கு வாய் வந்தது இதனால்தான்.

கொற்கையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-ல் அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த கரிக்குக் கணக்கிட்ட காலம் ஏறத்தாழ கி.மு. 785. கொற்கை பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பெயர்பெற்றது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனதால், அது இன்று கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது.

ஆதிச்சநல்லூரில் 2004-05-ல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தது. அங்கு எடுத்த இரு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தெரிவிக்கப்பட்டது. ஜாகோர் தோண்டி 143 ஆண்டுகள் கழித்துத்தான் பரம்பின் தாழிகளுக்கு ஆண்டு கிடைத்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிறகு சிவகளை. ஆற்றின் வடகரையில் உள்ள ஊர். இங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது ஒரு தாழிக்குள் நெல் உமி கிடைத்தது. அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் அதைச் சோதித்ததில் காலம் கி.மு. 1155 என்று வந்தது. 2021 செப்டம்பரில் இது சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

கணக்கைச் சரிபார்ப்போமா? இந்த முறையில் ‘நிகழ்காலம்’ என்று 1950-ஆம் ஆண்டை வைத்துக்கொள்வது உலக வழக்கம். கி.மு. 1155-லிருந்து அதுவரை 3104 ஆண்டுகள். அரை ஆயுளில் அது 0.54 பங்கு. ஆகவே கார்பன்-14 ஏறத்தாழ 69 சதவீதம் மிஞ்சியிருக்கும். நிமிடத்திற்கு 14 என்றிருந்தது 9 அல்லது 10 ஆகக் குறைந்திருக்கும். மடக்கை படித்தவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, காற்றில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றுபோல் இருந்ததில்லை. ஆகவே பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி, ஒவ்வொரு காலத்திற்கும் திருத்தம் செய்கிறார்கள். இரண்டு, விடை ஒற்றை ஆண்டாக வருவதில்லை; ‘இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை’ என்ற இடைவெளியாகவே வரும். செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் அதன் நடுமதிப்பு. பத்து அரை ஆயுள்கள் கடந்துவிட்டால் மிச்சம் 1024-ல் ஒரு பங்கே. ஆகவே ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கடிகாரம் ஓடாது. அத்திரம்பாக்கத்திற்கு வேறு கடிகாரங்கள் தேவைப்பட்டன.

ஒரே ஊர், இரண்டு விடைகள்

2025 ஜனவரி 23 அன்று ‘இரும்பின் தொன்மை’ என்ற ஆய்வறிக்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. எழுதியவர்கள் பேராசிரியர் கா. ராஜன், ஆர். சிவானந்தம். சிவகளையில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 3345 என்று அதில் உள்ளது. இரும்புப் பொருள்கள் கிடைத்த தாழிகளோடு தொடர்புடைய காலம் இது. உறுதிப்பட்டால், சிந்துவெளி நகரங்கள் தலையெடுப்பதற்கு முன்பே பொருநைக் கரையில் இரும்பு இருந்ததாகும். பாடநூல்கள் நெடுங்காலமாகத் துருக்கிப் பகுதியின் ஹிட்டைட்டு மக்களையும் கி.மு. 1200-ஐ ஒட்டிய காலத்தையும் இரும்புக்காலத்தின் தொடக்கமாகச் சொல்லி வந்தன. ஆகவே இது பெரிய செய்தி.

பெருமைப்படலாம். ஆனால் அறிவியல் மாணவன் கைதட்டிவிட்டுக் கேள்வியும் கேட்க வேண்டும். நெல் உமியின் காலம் கி.மு. 1155. கரியின் காலம் கி.மு. 3345. ஒரே ஊர், இடைவெளி 2190 ஆண்டுகள். எப்படி?

ஒரு விடை: அந்த இடுகாடு மிக நீண்ட காலம் பயன்பாட்டில் இருந்திருக்கலாம். இன்னொரு விடையும் நினைத்துப் பார்க்கத் தக்கது. நெல் ஓராண்டுப் பயிர். அதன் வயதும், அதைத் தாழியில் இட்ட நாளும் ஏறக்குறைய ஒன்றே. கரி அப்படியல்ல. மரத்தின் நடு வைரம் உருவான காலத்தையே கரி காட்டும். மரத்தை வெட்டிய காலத்தையோ, தாழியைப் புதைத்த காலத்தையோ அன்று. முந்திய கால நெருப்பின் கரி மண்ணோடு கலந்து வரவும் கூடும்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வழி என்ன? வேறு வகைக் கடிகாரத்தால் அளப்பதுதான். அறிக்கை தயாரித்தவர்களும் அதைச் செய்தார்கள். மாதிரிகளை அமெரிக்காவின் மயாமி, லக்னோ, அகமதாபாத் ஆகிய மூன்று இடங்களிலுள்ள ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். சிவகளைப் பானை ஓடுகளை ஒளிர்வு முறையில் அளந்தபோது கி.மு. 2459, கி.மு. 2427 என்ற காலங்கள் வந்தன. மேலும் பல இடங்களில், மேலும் பல மாதிரிகள் வேண்டும் என்று அறிஞர்கள் சிலர் கேட்கிறார்கள். எஃகில் கலந்துள்ள கரியையே நேராக அளக்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்படிக் கேட்பது நம்மைக் குறைத்துப் பேசுவது ஆகாது. கேள்வி கேட்டு நின்ற முடிவையே உலகம் ஏற்கும்.

இன்னொன்றையும் சேர்த்து எண்ணுங்கள். இரும்புப் பொருள் வேறு, இரும்பை உருக்கும் தொழில் வேறு. எகிப்தில் கெர்சே என்ற இடத்தில் கி.மு. 3200-ஐ ஒட்டிய இரும்பு மணிகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை விண்கல்லிலிருந்து செய்தவை. நிக்கல் கலந்திருப்பது காட்டிக்கொடுத்துவிட்டது. தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்க ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ் வெப்பம் தரும் உலையும் துருத்தியும் வேண்டும். ஆகவே உலை, கசடு, கருவி மூன்றையும் தேட வேண்டியிருக்கிறது.

ஓட்டுக்குள் இருக்கும் கடிகாரம்

ஒளிர்வு முறை என்றேனே, அது இரண்டாவது கடிகாரம். பானை மண்ணில் குவார்ட்சு மணல் துகள்கள் உண்டு. மண்ணில் எங்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவை நுண்ணளவில் கலந்திருக்கின்றன. அவற்றின் கதிர்வீச்சு குவார்ட்சில் எலெக்ட்ரான்களை இடம்பெயர்த்து, படிகத்தின் குறைபாடுகளில் சிக்க வைக்கிறது. ஆண்டு ஆக ஆகச் சிக்கிய எலெக்ட்ரான்கள் பெருகும். சூளையில் சுட்டால் எல்லாம் விடுபட்டுக் கணக்கு பூச்சியமாகும். சூளையிலிருந்து இறங்கிய நாளிலிருந்து கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் ஓட்டின் வெளிப்படலத்தை நீக்கிவிட்டு, உள்துகள்களின் மேல் ஒளியைப் பாய்ச்சினால், சிக்கிய எலெக்ட்ரான்கள் விடுபட்டு மெல்லிய ஒளியைத் தருகின்றன. அந்த ஒளியை அளந்தால் ஓடு இதுவரை பெற்ற மொத்தக் கதிர்வீச்சு தெரியும்.

வயது = மொத்தக் கதிர்வீச்சு ÷ ஓராண்டுக் கதிர்வீச்சு

எடுத்துக்காட்டாக, மொத்தம் 12 கிரே, ஆண்டுக்கு 3 மில்லிகிரே என்றால் வயது 4000 ஆண்டுகள். எவ்வளவு எளிய வகுத்தல்! ஆனால் வகுக்கும் எண் எங்கிருந்து வரும்? ஒரு பகுதி ஓட்டிலேயே இருக்கிறது. மறுபகுதி, ஓடு புதைந்திருந்த மண்ணில் இருக்கிறது. மண்ணின் கதிர்வீச்சு இடத்திற்கு இடம் மாறும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் உள்ள மோனசைட்டு மணல் குவிந்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓடு எந்த ஆழத்தில், எத்தனை ஈரத்தில் கிடந்தது என்பதும் முக்கியம். மேற்சொன்ன கணக்கில் ஆண்டுக்கு 3 என்பதற்குப் பதில் 4 மில்லிகிரே என்று தவறாக எடுத்துக்கொண்டால், வயது 3000 ஆகிவிடும். ஆயிரம் ஆண்டுகள் காணாமற்போகும்!

இப்போது என் ஓட்டுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் அதை ஒரு தொல்லியல் அறிஞரிடம் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. பேருந்து நின்ற இடம்கூடச் சரியாக நினைவில்லை. அது மேற்பரப்பில் கிடந்த ஓடு. மழையும் உழவும் அதை எங்கிருந்து புரட்டிக்கொண்டு வந்தனவோ! “இது கறுப்பு சிவப்புப் பானை ஓடு. அவ்வளவுதான் சொல்ல முடியும்” என்று திருப்பிக் கொடுத்தார். வகுக்கும் எண்ணை நான் பரம்பிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நான் எடுத்தது ஓர் ஓடு. கப்பலேறிப் போன பொருள்கள் எத்தனை! சிறுவர்கள் எடுத்தவை எத்தனை! மேட்டு மண்ணை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போன இடங்களில் அழிந்தவை எத்தனை!

தாழியிலிருந்து சமயத்திற்கு

தாழி வைத்தவர்களின் சமயம் என்ன என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. எழுத்து இல்லாத காலத்து மக்களின் மனத்தை எலும்பும் இரும்பும் எவ்வளவு தூரம் சொல்லும்?

சிலவற்றை உறுதியாகச் சொல்லலாம். இறந்தவருக்கு உணவு வைத்தார்கள். அவர் பயன்படுத்தும் கருவியை வைத்தார்கள். நெற்றிக்குத் தங்கம் கட்டினார்கள். விலை உயர்ந்த பொருளை மண்ணுக்குக் கொடுக்க மனம் வந்திருக்கிறது என்றால், சாவோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும். எகிப்தியப் பிரமிடுக்கும் இந்தத் தாழிக்கும் அளவில்தான் வேறுபாடு. உள்ளே இருக்கும் எண்ணம் நெருங்கியது. இதைவிட மேலே போகும்போது எச்சரிக்கை வேண்டும். சேவல் உருவத்தையும் இரும்பு வேலையும் வைத்து இது முருக வழிபாடு என்று சிலர் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் வேல் போருக்கும் வேட்டைக்கும் உரிய கருவி. சேவல் வீட்டுப் பறவை. இதை உறுதிப்படுத்த இன்னும் சான்று வேண்டும்.

தாழி வழக்கம் சங்க காலத்திலும் நினைவில் இருந்தது. கணவனை இழந்த ஒரு பெண், தாழி வனையும் குயவரிடம், தனக்கும் சேர்த்து இடம் இருக்குமாறு அகலமாகச் செய்யும்படி கேட்கும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. ரீ அளவெடுத்துக் குறித்த தாழிக்குப் பின்னால் இப்படி ஒருத்தி நின்றிருப்பாள்.

ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பின், கங்கைச் சமவெளியில் மகாவீரரும் புத்தரும் தோன்றினார்கள். அங்கும் இரும்பும் நெல்லும் நகரமும் வணிகப் பாதையும் பெருகிய காலம் அது. ஊர் ஊராகச் செல்லும் வணிகரோடு துறவியரும் நடந்தார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகரின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியரோடு ‘தம்பபண்ணி’யையும் குறிப்பிடுகின்றன. அது இலங்கையைக் குறிக்கும் பெயர். நம் ஆற்றின் பெயரும் அதுவே என்பது, இரு கரைகளுக்கும் இருந்த போக்குவரத்தை எண்ணிப் பார்க்க வைக்கிறது.

சீவலப்பேரிக்கு அருகே மறுகால்தலையில் ஒரு குன்று. அதன் குகைத்தளத்தில் துறவியருக்கெனக் கல்லில் வெட்டிய படுக்கைகளும், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. கழுகுமலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும், முடிவுபெறாத சிவன் கோயிலான வெட்டுவான் கோயிலும் ஒரே மலையில் இருக்கின்றன. இரண்டும் பாண்டியர் காலத்தவை. ஆதிச்சநல்லூரை அடுத்த ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ஆகியவை வைணவத்தின் நவதிருப்பதிகளைச் சேர்ந்தவை. கடற்கரைக்குப் போனால் காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களும் மணப்பாட்டுத் தேவாலயமும் இருக்கின்றன. ஒரு பள்ளத்தாக்கில் ஒருநாள் பயணத்தில் மூவாயிரம் ஆண்டு மனித நம்பிக்கையைக் கண்டுவிடலாம். ஒவ்வொன்றும் முந்தியதன் பக்கத்திலேயே எழுந்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

ஆதிச்சநல்லூரில் இப்போது குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காணும்படி செய்திருக்கிறார்கள். ஆசிரியரோடு போய்ப் பாருங்கள். சென்ற முறை எங்கள் மாணவர்களை அழைத்துப் போனபோது, ஒரு மாணவி பரம்பில் ஓர் ஓட்டை எடுத்துக்கொண்டு, “சார், ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுத்துக்கிடட்டுமா?” என்று கேட்டாள். நான் பையிலிருந்து என் ஓட்டை எடுத்துக் காட்டி, அதன் கதையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தன் ஓட்டை எடுத்த பள்ளத்தைத் தேடி, அதே பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டு வந்தாள்.

உங்கள் ஊரில் கிணறு தோண்டும்போதோ வரப்பு வெட்டும்போதோ தாழியின் விளிம்பு தெரிந்தால், தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோல 100 புளியமுத்துகளின் ஒரு பக்கத்தை மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். எல்லாவற்றையும் குலுக்கிப் போடுங்கள். வெள்ளை மேலே விழுந்தவற்றை நீக்கிவிட்டு, மீதியை எண்ணிக் குறியுங்கள். மீதியை மறுபடி போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே பங்கு குறைவதைக் காண்பீர்கள். எந்த முத்து இந்த முறை நீங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை நீங்கும் என்று ஓரளவு சொல்லலாம். கார்பன்-14 அணுக்களும் அப்படித்தான். எண்ணிக்கை குறைந்த பிறகு கணக்கு தடுமாறுவதையும் கவனியுங்கள். மிகப் பழைய பொருள்களில் இந்தக் கடிகாரம் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்குகள் இரண்டு:

1. ஒரு கரித்துண்டில் கார்பன்-14 கால் பங்கே மிஞ்சியிருக்கிறது. அதன் வயது என்ன?

2. ஓர் ஓடு பெற்ற மொத்தக் கதிர்வீச்சு 10 கிரே. ஓராண்டுக் கதிர்வீச்சை ஒருவர் 4 மில்லிகிரே என்றும் மற்றவர் 2.5 மில்லிகிரே என்றும் கொண்டால், அவர்களுக்குக் கிடைக்கும் வயதுகள் என்ன? யார் சொல்வது சரி என்று அறிய எதைத் தேடிப் போக வேண்டும்?

(விடைகள்: 1. 11,460 ஆண்டுகள். 2. 2500 ஆண்டுகள், 4000 ஆண்டுகள். ஓடு கிடந்த இடத்து மண்ணை.)